ஒன்பது ரன் குறைவு: வெங்கட்ராகவன் கேப்டன் ஆன கதை

(ஒலிப்பதிவிலிருந்து, வாசிப்பதற்காகத் திருத்தப்பட்ட எழுத்து வடிவம்)

இந்த வாரம் ரெக்கார்டிங் சென்னையில இல்ல. குடுமியான்மலையில, எங்க சித்தப்பா வீட்டு மாடியில உட்கார்ந்து பேசிட்டு இருக்கேன். புதுக்கோட்டையிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர். நடுவுல மயில் கத்தினா அதை எடிட்டிங்ல எடுக்க முடியாது, பொறுத்துக்கங்க.

இன்னைக்கு பேசப்போற கேள்வி இதுதான். ஒரு தேசிய அணிக்கு கேப்டன் தேவைப்படுது. சின்னப் பசங்க இருக்காங்க. ஏற்கெனவே கேப்டனா இருந்து ஜெயிச்ச ஆளும் இருக்கார். ஆனா தேர்வுக்குழு திடீர்னு ஒரு மூத்த ஆளை, டீம்லயே அவருக்கு இடம் உறுதியில்லைனு பலர் நினைக்கிற ஒருத்தரை, கேப்டனாப் போடுது. ஏன்? அப்படிப் போட்டா என்ன ஆகும்?

இதுக்கு உலகம் முழுக்க உதாரணம் இருக்கு. ஆனா நம்ம ஊர்லயே ஒரு கதை இருக்கு. அதை இப்போ பலருக்குத் தெரியாது. தெரிஞ்சவங்களும் "அவர் கேப்டனா ஒரு டெஸ்ட் கூட ஜெயிக்கலையே"னு ஒரே வரியில முடிச்சிடுவாங்க. அந்த ஒரு வரி சரியான தகவல். ஆனா அது நியாயமான தீர்ப்பா? அதைத்தான் இந்த எபிசோட்ல பார்க்கப் போறோம்.

அவர் பெயர் ஸ்ரீனிவாசராகவன் வெங்கட்ராகவன். சுருக்கமா வெங்கட்.

யார் இந்த வெங்கட்?

1945 ஏப்ரல் 21, சென்னையில பிறந்தவர். கிண்டி பொறியியல் கல்லூரியில படிச்ச இன்ஜினியர். ஆஃப் ஸ்பின் பந்துவீச்சாளர். 1965 பிப்ரவரியில, சென்னையில நியூசிலாந்துக்கு எதிரா முதல் டெஸ்ட். அப்போ வயசு 19. அந்தத் தொடரோட டெல்லி டெஸ்ட்ல முதல் இன்னிங்ஸ்ல 72 ரன்னுக்கு 8 விக்கெட், ரெண்டாவது இன்னிங்ஸ்ல இன்னும் 4. மொத்தம் ஒரே டெஸ்ட்ல 12. இருபது வயசு கூட ஆகாத பையன் இதைச் செஞ்சார்.

இப்படி ஆரம்பிச்ச ஒருத்தர் அடுத்த பத்து வருஷம் ஓஹோனு போயிருக்கணும் இல்லையா? போகல. காரணம் அவரோட திறமைக் குறைவு இல்ல. அதே காலத்துல இந்தியாகிட்ட நாலு ஸ்பின்னர்கள் இருந்தாங்க: பேடி, பிரசன்னா, சந்திரசேகர், வெங்கட். டெஸ்ட் விக்கெட் கணக்கைப் பாருங்க. பேடி 266, சந்திரசேகர் 242, பிரசன்னா 189, வெங்கட் 156. இன்னைக்கும் கிரிக்கெட் பேசுறவங்க இந்த நால்வரை ஒரே மூச்சுல சொல்லுவாங்க. ஆனா நாலு பேரும் சேர்ந்து ஒரே டெஸ்ட்ல ஆடினது எத்தனை தடவை தெரியுமா? ஒரே ஒரு தடவை. 1967, எட்ஜ்பாஸ்டன்.

ஏன்னா ஒரு டீம்ல நாலு ஸ்பின்னரை வெச்சிக்கிட்டு ஆட முடியாது. பேடி இடதுகை, சந்திரசேகர் லெக் ஸ்பின். ரெண்டு பேரும் தனித்தனி வகை, அவங்க இடம் அவங்களுக்கு. பிரசன்னாவும் வெங்கட்டும் ரெண்டு பேருமே ஆஃப் ஸ்பின்னர். ரெண்டு பேருமே இன்ஜினியர் வேற! பெரும்பாலும் ஒருத்தர் உள்ளே போனா இன்னொருத்தர் வெளியே. பிரசன்னா பந்தைக் காத்துல மிதக்கவிட்டு பேட்ஸ்மேனை ஏமாத்துவார். வெங்கட் கொஞ்சம் வேகமா, கட்டுப்பாடா போடுவார். கூடவே ஓரளவு பேட்டிங், பிட்ச்சுக்குப் பக்கத்துல நின்னு பிடிக்கிற கேட்ச். ஒவ்வொரு கேப்டனும் ஒவ்வொரு மாதிரி தேர்ந்தெடுத்தாங்க. அதனால வெங்கட்டோட பதினெட்டு வருஷ டெஸ்ட் வாழ்க்கை முழுக்க ஒரு கேள்வி கூடவே வந்துச்சு: இவருக்கு டீம்ல இடம் இருக்கா?

இந்தக் கேள்வியை ஞாபகத்துல வெச்சுக்கங்க. கேப்டன் ஆன பிறகும் இது அவரை விடல.

இன்னொரு பக்கத்தையும் சொல்லணும். தலைமைங்கிறது அவருக்குப் புதுசு இல்ல. 1971-ல வடேகர் கேப்டனா இருந்தப்போ வெங்கட்தான் துணை கேப்டன். அந்த வருஷம் வெஸ்ட் இண்டீஸ்ல இந்தியா முதன்முறையா தொடரை ஜெயிச்சது. அதுல வெங்கட் எடுத்தது 22 விக்கெட். அடுத்து இங்கிலாந்திலும் முதன்முறையா தொடர் வெற்றி, அங்கே 13 விக்கெட். தமிழ்நாட்டுக்கு ரஞ்சியில பல வருஷம் கேப்டன். ரஞ்சி கோப்பையில மட்டும் 530 விக்கெட். இங்கிலாந்து கவுண்டி கிரிக்கெட்ல டெர்பிஷயருக்காக 1973 முதல் 1975 வரை ஆடினார். அதாவது இங்கிலாந்து ஆடுகளமும் வானிலையும் அவருக்கு அத்துப்படி.

ஆக, கேப்டன் ஆகத் தகுதி இருந்துச்சு. ஆடுற பதினொரு பேர்ல இடம் உறுதி இல்ல. இந்த முரண்பாடுதான் முழுக் கதையும்.

கேப்டன், அடுத்த டெஸ்ட்ல பன்னிரண்டாவது ஆள்

நம்ம ஊர்ல அரசு ஆபீஸ் பலகையில பதவிப் பெயருக்குப் பக்கத்துல அடைப்புக்குறிக்குள்ள "பொறுப்பு"னு எழுதியிருப்பாங்க. தலைமையாசிரியர் (பொறுப்பு), வட்டாட்சியர் (பொறுப்பு). கையெழுத்துப் போடலாம், வேலை எல்லாம் பார்க்கணும், திட்டும் வாங்கணும். ஆனா நாளைக்கே வேற ஆள் வந்தா நாற்காலியை விட்டு எழுந்துக்கணும். வெங்கட் முதல் தடவை இந்திய கேப்டன் ஆனது அப்படித்தான்.

1974 டிசம்பர். வெஸ்ட் இண்டீஸ் இந்தியாவுக்கு வந்திருக்கு. கேப்டன் பட்டோடிக்கு பெங்களூரு டெஸ்ட்ல விரல்ல அடிபட்டுடுச்சு. அடுத்து டெல்லி டெஸ்ட்டுக்கு கவாஸ்கர் தலைமை தாங்கணும். அவருக்கும் விரல்ல காயம். கடைசியில வெங்கட் கேப்டன். அந்த டெஸ்ட்ல விவியன் ரிச்சர்ட்ஸ்னு ஒரு புதுப் பையன் ஆட்டமிழக்காம 192 அடிச்சார். இந்தியா இன்னிங்ஸ் தோல்வி.

தோத்தது கூடப் பரவாயில்ல. அடுத்த டெஸ்ட் கல்கத்தா. பட்டோடி திரும்ப வந்துட்டார். போன டெஸ்ட்ல நாட்டுக்கே கேப்டனா இருந்த வெங்கட் இந்த டெஸ்ட்ல பன்னிரண்டாவது ஆள். பானம் எடுத்துட்டுப் போற ஆள்!

இதை ஒரு வேடிக்கையான தகவலா நிறைய பேர் சொல்லுவாங்க. எனக்கு இதுல வேடிக்கை எதுவும் தெரியல. ஒருத்தரை கேப்டன்னு சொல்லும்போது தேர்வுக்குழு டீமுக்கு ஒரு செய்தி சொல்லுது: "இவர் சொல்றதைக் கேளுங்க." அடுத்த மேட்ச்லயே அவரை வெளியே உட்கார வெச்சா இன்னொரு செய்தி போகுது: "நாங்க சும்மா சொன்னோம்."

ஆறு மேட்ச், ஒரு வெற்றி

1975-ல முதல் உலகக் கோப்பை, இங்கிலாந்தில். வடேகர் 1974 இங்கிலாந்து தோல்விக்குப் பிறகு ஒதுங்கிட்டார். பட்டோடியும் ஓய்வு பெற்றுட்டார். இங்கிலாந்து அனுபவம் உள்ள மூத்தவர்னு வெங்கட் கேப்டன் ஆனார்.

அந்த டீம் ஒருநாள் கிரிக்கெட்டுக்கு எவ்வளவு தயாரா இருந்துச்சுன்னு கேட்டா, அதுக்கு முன்னாடி இந்தியா ஆடின மொத்த ஒருநாள் போட்டியே ரெண்டுதான். முதல் மேட்ச் லார்ட்ஸ்ல. இங்கிலாந்து 60 ஓவர்ல 334. பதிலுக்கு இந்தியா 60 ஓவரும் ஆடி 3 விக்கெட் இழப்புக்கு 132. கவாஸ்கர் 174 பந்துல 36 நாட் அவுட். ஆமா, சரியாத்தான் கேட்டீங்க. அடுத்து கிழக்கு ஆப்பிரிக்காவை 10 விக்கெட் வித்தியாசத்துல ஜெயிச்சாங்க. நியூசிலாந்துகிட்ட தோத்தாங்க. அவ்வளவுதான், வீட்டுக்குத் திரும்பியாச்சு. அப்புறம் கேப்டன் பதவி பேடிகிட்ட போச்சு.

நாலு வருஷம் கழிச்சு, 1979. இங்கேதான் நம்ம தலைப்போட உண்மையான கதை ஆரம்பிக்குது.

1978 கடைசியில பாகிஸ்தான்ல தோத்ததும் பேடியை எடுத்துட்டு கவாஸ்கரை கேப்டன் ஆக்கினாங்க. அவர் சொந்த மண்ணில் வெஸ்ட் இண்டீஸுக்கு எதிரா ஆறு டெஸ்ட் தொடரை 1-0னு ஜெயிச்சார். பேட்டிங்ல மட்டும் அந்தத் தொடர்ல 732 ரன். எந்தக் கோணத்துல பார்த்தாலும் அவரை மாத்தக் காரணம் இல்ல. ஆனா மாத்தினாங்க. உலகக் கோப்பைக்கும் அதைத் தொடர்ந்த இங்கிலாந்து டெஸ்ட் தொடருக்கும் கேப்டன் வெங்கட்ராகவன்.

அப்போ பரவலா பேசப்பட்ட காரணம் கெர்ரி பேக்கர். ஆஸ்திரேலியத் தொலைக்காட்சி முதலாளி. அதிகாரபூர்வ வாரியங்களுக்குப் போட்டியா தனியா ஒரு கிரிக்கெட் தொடர் நடத்தி, உலகத்தோட பெரிய ஆட்டக்காரர்களை எல்லாம் பணம் கொடுத்து இழுத்துக்கிட்டு இருந்தார். கவாஸ்கரும் அங்கே போகலாம்னு பேச்சு. அதனால வாரியத்துக்கு ஒரு பாதுகாப்பான, மூத்த, எந்த வம்புக்கும் போகாத ஆள் வேணும்னு கணக்குப் போட்டாங்கனு சொல்லுவாங்க.

இதை நல்லா கவனிங்க. இந்தக் கணக்குல "வெங்கட் நல்ல கேப்டனா?"ங்கிற கேள்வியே இல்ல. "வெங்கட் கவாஸ்கர் இல்லையே?"ங்கிறதுதான் இருக்கு. ஒருத்தரை அவருக்காகத் தேர்ந்தெடுக்காம, இன்னொருத்தரை ஒதுக்குறதுக்காகத் தேர்ந்தெடுத்தா, அந்த நியமனம் பிறக்கும்போதே பாதி உயிரோடதான் பிறக்குது.

மூணு சந்தேகம்

அப்போ வெங்கட்டுக்கு வயசு 34. அவரைப் பத்தி எழுந்த சந்தேகங்களை மூணாப் பிரிச்சுப் பார்க்கலாம்.

முதல் சந்தேகம், டீம்ல இடம். ஒருநாள் போட்டியில அவர் மொத்தமா 15 மேட்ச் ஆடி எடுத்தது 5 விக்கெட்தான். "கேப்டனா இல்லேன்னா இவர் ஆடுவாரா?"ங்கிற கேள்வியை டீம்ல யாரும் வாய்விட்டுக் கேட்க வேண்டாம். எல்லார் மனசுலயும் இருந்தாலே போதும்.

ரெண்டாவது சந்தேகம், அறைக்குள்ள யாரெல்லாம் இருந்தாங்கங்கிறது. 1979 இங்கிலாந்து டீம்ல முந்தின கேப்டன் கவாஸ்கர் இருக்கார். அதுக்கு முந்தின கேப்டன் பேடியும் இருக்கார். ஒரே அறையில மூணு கேப்டன். அதுல உலகத்தோட சிறந்த தொடக்க ஆட்டக்காரர் ஒருத்தர், அவரைத்தான் காரணம் சொல்லாம இறக்கியிருக்காங்க. இந்த நிலையில புது கேப்டன் ஒரு ஃபீல்டரை ரெண்டு அடி தள்ளி நிக்கச் சொல்றதே ஒரு அரசியல் தீர்மானம் மாதிரி ஆகிடும்.

மூணாவது சந்தேகம், காலம். எத்தனை நாளைக்கு இந்தப் பதவி? யாருக்கும் தெரியாது. ஸ்பின்னர்களோட காலமும் முடியுற நேரம். பிரசன்னா 1978-லயே தன் கடைசி டெஸ்டை ஆடிட்டார். சந்திரசேகருக்கும் பேடிக்கும் இந்த 1979 தொடர்தான் கடைசி. கபில் தேவ் இப்போதான் வந்திருக்கார். பழைய இந்திய அணி முடிஞ்சு புதுசு இன்னும் பிறக்காத இடைவெளியில ஒருத்தரை நிக்க வெச்சாங்க.

எங்க ஊர்ல கோடையில கண்மாய் காஞ்சதும் டென்னிஸ் பால் மேட்ச் நடக்கும். ஒவ்வொரு டீம்லயும் ஒரு அண்ணன் கேப்டனா இருப்பார். பேட்டிங் சுமார், பவுலிங் சுமார். ஆனா என்ட்ரி ஃபீஸ் வசூல் பண்றது, அம்பயர்கிட்ட பேசுறது, கோவிச்சுக்கிட்டுப் போன பையனை சமாதானப்படுத்திக் கூட்டிட்டு வர்றது எல்லாம் அவர்தான். "நீங்க ஏன் டீம்ல இருக்கீங்க?"னு யாரும் கேட்டதில்ல. ஏன்னா அவரை கேப்டனாப் போட்டது நாங்களே. தேசிய அணியில அப்படி இல்ல. அங்கே மேலே உட்கார்ந்து நாலைந்து பேர் தீர்மானிக்கிறாங்க. அதனால மேலே இருந்து வர்ற ஆதரவு வெளிப்படையா, உறுதியா இருக்கணும். அது இல்லேன்னா கீழே இருந்து மரியாதை தானா வராது.

1979-ன் கோடை

உலகக் கோப்பை படுமோசம். வெஸ்ட் இண்டீஸ்கிட்ட 9 விக்கெட்ல தோல்வி. நியூசிலாந்துகிட்ட 8 விக்கெட்ல தோல்வி. மூணாவது, ஓல்ட் டிராஃபோர்டில் இலங்கைகிட்ட 47 ரன் தோல்வி. அப்போ இலங்கைக்கு டெஸ்ட் அந்தஸ்தே கிடையாது. நம்ம பக்கத்துல எவ்வளவு அவமானமோ, அந்தப் பக்கத்துல அவ்வளவு கொண்டாட்டம்.

அடுத்து நாலு டெஸ்ட். எட்ஜ்பாஸ்டன்ல இங்கிலாந்து 5 விக்கெட்டுக்கு 633, கோவர் 200 நாட் அவுட். இந்தியாவுக்கு இன்னிங்ஸ் தோல்வி. லார்ட்ஸ்ல முதல் இன்னிங்ஸ்ல 96-க்கு ஆல் அவுட். "முடிஞ்சது கதை"னு எல்லாரும் நினைச்சப்போ, ரெண்டாவது இன்னிங்ஸ்ல விஸ்வநாத்தும் வெங்சர்க்காரும் சதம் அடிச்சு டிரா ஆக்கினாங்க. ஹெடிங்லியில மழை, டிரா.

கடைசி டெஸ்ட் ஓவல். இந்தியாவுக்கு இலக்கு 438. நாலாவது நாள் முடிவுல விக்கெட் இழப்பில்லாம 76. ஐந்தாவது நாள் கவாஸ்கரும் சேத்தன் சௌகானும் தொடக்க ஜோடியா 213. அப்புறம் வெங்சர்க்கார். கடைசி 20 கட்டாய ஓவர் ஆரம்பிக்கும்போது ஒரு விக்கெட்டுக்கு 328. தேவை 110. கையில ஒன்பது விக்கெட்.

ஒரு விக்கெட்டுக்கு 366 வரை போச்சு. வெங்சர்க்கார் அவுட். இப்போ யாரை அனுப்பணும்? நிதானமான, அனுபவமுள்ள விஸ்வநாத் காத்திருக்கார். ஆனா வேகமா அடிக்கட்டும்னு கபில் தேவை அனுப்பினாங்க. அவர் ரன் எடுக்காமலே அவுட். 389-ல கவாஸ்கர் போனார், 221 ரன் எடுத்துட்டு. அப்புறம் வரிசையா விக்கெட். ஆட்டம் முடியும்போது 8 விக்கெட்டுக்கு 429. ஒன்பது ரன் குறைவு. டிரா.

அந்த ஒன்பது ரன் வந்திருந்தா என்ன ஆகியிருக்கும்? தொடர் 1-1 சமன் ஆகியிருக்கும். அதோட, டெஸ்ட் கிரிக்கெட்ல நாலாவது இன்னிங்ஸ்ல துரத்தி ஜெயிச்ச அதிகபட்ச ஸ்கோர் 2003-ல வெஸ்ட் இண்டீஸ் ஆஸ்திரேலியாவுக்கு எதிரா எடுத்த 418. அதாவது 438-ஐ வெங்கட்டோட டீம் தொட்டிருந்தா அது இன்னைக்கு வரைக்கும் உலக சாதனையா நின்னிருக்கும். கேப்டன் பெயர்: வெங்கட்ராகவன்.

கபிலை முன்னாடி அனுப்பினது தப்பான முடிவுன்னு அன்னைக்கிலிருந்து இன்னைக்கு வரை விமர்சனம் இருக்கு. அதுல நியாயமும் இருக்கு. இருபது வயசுப் பையனை அந்த நெருக்கடியில அனுப்பினதைவிட விஸ்வநாத்தை அனுப்பியிருக்கலாம்னுதான் நானும் நினைக்கிறேன். ஆனா அது பயந்து எடுத்த முடிவு இல்ல. பதவி ஆட்டம் காண்ற கேப்டன் வழக்கமா டிராவுக்குத்தான் ஆடுவார். இவர் ஜெயிக்க ஆடினார்.

குடுமியான்மலைக்கு வந்தவங்களுக்குத் தெரியும், இங்கே குன்றுல இசைக் கல்வெட்டு ஒண்ணு இருக்கு. 7-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததுன்னு பொதுவா சொல்லுவாங்க. சுரங்கள் எல்லாம் வரிசையா செதுக்கியிருக்கும். ஆனா அதைப் பாடினவர் எப்படிப் பாடினார்னு கல்லுல காது வெச்சாலும் கேட்காது. ஸ்கோர்கார்டும் அந்த மாதிரிதான். கேப்டனா 5 டெஸ்ட், 2 தோல்வி, 3 டிரா, வெற்றி பூஜ்யம். அந்த மூணு டிராவுல ஒண்ணு இது.

விமானத்துல வந்த செய்தி

டீம் இங்கிலாந்திலிருந்து திரும்புது. விமானத்துல விமானி ஒலிபெருக்கியில அறிவிக்கிறார்: இந்திய அணியோட அடுத்த கேப்டன் கவாஸ்கர்.

அதே விமானத்துல வெங்கட் உட்கார்ந்திருக்கார். கூட அவர் தலைமையில ஆடின மொத்த டீமும்.

இந்தச் சம்பவத்தை எங்க சித்தப்பாகிட்ட சொன்னப்போ அவர், "ஏம்ப்பா, கவாஸ்கர்தானே நல்ல கேப்டன், அவரைத் திரும்பப் போட்டதுல என்ன தப்பு?"ன்னார். தப்பே இல்ல. கவாஸ்கரை முதல்ல எடுத்ததுதான் தப்பு. அந்தத் தப்பைத் திருத்தும்போது, நடுவுல நின்னு அடி வாங்கின ஆளுக்கு முன்கூட்டி ஒரு போன், ஒரு கடிதம் கூட இல்லாம, பயணிகளுக்கு வானிலை சொல்ற மாதிரி சொல்ல விட்டதுதான் பிரச்சனை. பதவி போறது விளையாட்டுல சகஜம். சொல்ற விதத்துல மரியாதை இருக்கணும். 1974-ல டெல்லியிலிருந்து கல்கத்தா போனப்போ நடந்ததுதான் 1979-லயும் நடந்துச்சு. இந்தத் தடவை மேலே இருந்து, வானத்துல.

மத்தவங்களுக்கு என்ன நடந்துச்சு?

இப்போ ஒப்பிட்டுப் பார்ப்போம். முதல் ஒப்பீடு அந்த 1979 தொடர்லயே எதிர்ப்பக்கம் நிக்கிறார். இங்கிலாந்து கேப்டன் மைக் பிரியர்லி. அவர் பேட்ஸ்மேன். 39 டெஸ்ட் ஆடினார், சராசரி 22.88. ஒரு சதம் கூடக் கிடையாது. "கேப்டனா இல்லேன்னா இவர் ஆடுவாரா?"ங்கிற கேள்வி அவருக்கும் இருந்துச்சு. பதில் எல்லாருக்கும் தெரியும்: ஆட மாட்டார். ஆனா இங்கிலாந்து தேர்வுக்குழு அதை ஒளிக்கல. "தலைமைக்காகத்தான் இவர் இருக்கார்"னு ஏத்துக்கிட்டாங்க. 1981-ல 39 வயசுல அவரைத் திரும்பக் கூப்பிட்டாங்க, ஆஷஸ் தொடரையே ஜெயிச்சுக் கொடுத்தார். கேப்டனா 31 டெஸ்ட்ல 18 வெற்றி, 4 தோல்விதான். அதே சந்தேகம், வேற ஆதரவு.

ரெண்டாவது, அனில் கும்ப்ளே. இது உங்கள்ல பலருக்கு ஞாபகம் இருக்கும். 2007 செப்டம்பர்ல டிராவிட் விலகினார். டெண்டுல்கர் பதவி வேண்டாம்னுட்டார். தோனி இருபது ஓவர் உலகக் கோப்பையை அப்போதான் ஜெயிச்சிருந்தார், ஆனா டெஸ்ட் கேப்டன் பொறுப்புக்கு இன்னும் சீக்கிரம்னு நினைச்சாங்க. நவம்பர்ல 37 வயசு கும்ப்ளே டெஸ்ட் கேப்டன். இதுவும் ஒரு இடைக்கால நியமனம்தான். எல்லாருக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். ஆனா ஒரு வித்தியாசம். கும்ப்ளேவுக்கு டீம்ல இடம் உண்டான்னு அப்போ கேட்க யாருக்கும் தைரியம் கிடையாது. சொந்த மண்ணில் பாகிஸ்தானை 1-0னு ஜெயிச்சார். 2008 ஜனவரியில சிட்னி டெஸ்ட் சர்ச்சையில நாடே கொதிச்சப்போ டீமைப் பிடிச்சு நிறுத்தி, அடுத்த டெஸ்ட்ல பெர்த்ல ஜெயிச்சார். மொத்தம் 14 டெஸ்ட்ல 3 வெற்றி, 5 தோல்வி. எண்ணிக்கையில பெரிசா ஒண்ணுமில்ல. ஆனா யாரும் அவரைத் தோத்த கேப்டன்னு சொல்றதில்ல. முக்கியமா, 2008 நவம்பர்ல டெல்லியில அவரே, தொடர் நடுவுல, "போதும்"னு விலகினார். வேற யாரும் அறிவிக்கல.

மூணாவது, பாகிஸ்தானோட மிஸ்பா உல் ஹக். 2010-ல லார்ட்ஸ்ல சூதாட்ட ஊழல் வெடிச்சப்போ அவர் அந்த டீம்லயே இல்ல. ஒதுக்கப்பட்டிருந்தார். வயசு 36. அவரைக் கூப்பிட்டு டெஸ்ட் கேப்டன் ஆக்கினாங்க. கேலி பண்ணாதவங்க கிடையாது. ஆனா அவருக்குக் கிடைச்சது காலம். 56 டெஸ்ட், 26 வெற்றி. 2016-ல பாகிஸ்தானை டெஸ்ட் தரவரிசையில முதலிடத்துக்குக் கொண்டுபோனார். 2017-ல ஓய்வு பெறும்போது 42 வயசு.

மூணு பேரையும் வெங்கட் பக்கத்துல வெச்சுப் பாருங்க. பிரியர்லிக்கு தேர்வுக்குழுவோட வெளிப்படையான ஆதரவு இருந்துச்சு. கும்ப்ளேவுக்கு டீம்ல உறுதியான இடம் இருந்துச்சு. மிஸ்பாவுக்கு நேரம் இருந்துச்சு. இந்த மூணுல ஏதாவது ஒண்ணு இருந்தாக்கூட ஒரு மூத்த கேப்டன் தாக்குப்பிடிச்சிடலாம். வெங்கட்டுக்கு மூணுமே கிடைக்கல.

மூணும் கிடைச்சிருந்தா அவர் பெரிய கேப்டன் ஆகியிருப்பார்னு நான் சொல்லல. 1979 உலகக் கோப்பை தோல்வியை எந்த ஆதரவும் மறைச்சிருக்காது. நான் சொல்றது வேற. ஒரு நியமனம் சரியா வரலைன்னா நாம எப்பவும் நியமிக்கப்பட்டவரோட மதிப்பெண் பட்டியலைத்தான் எடுத்துப் பார்க்கிறோம். நியமிச்சவங்களுக்கு ஒரு பட்டியல் போடுறதே இல்ல.

அதுக்கு அப்புறம்

விமானத்துல அந்த அறிவிப்பு வந்த பிறகும் வெங்கட் கிரிக்கெட்டை விட்டுப் போகல. 1983-ல கபில் தேவ் தலைமையில, தன்னைவிட 14 வயசு சின்னவரோட தலைமையில, வெஸ்ட் இண்டீஸ் போய் ஆடினார். ஓவல்ல அவர் நம்பி முன்னாடி அனுப்பின அதே கபில். 1983 செப்டம்பர்ல ஜலந்தரில் பாகிஸ்தானுக்கு எதிரா கடைசி டெஸ்ட். மொத்தம் 57 டெஸ்ட்.

அப்புறம் அவர் அம்பயர் ஆனார். 1993-ல முதல் டெஸ்ட். 2002-ல ஐசிசி உலகத்தோட சிறந்த எட்டு அம்பயர்களைக் கொண்ட எலீட் குழுவை உருவாக்கினப்போ அதுல இருந்த ஒரே இந்தியர் அவர். 73 டெஸ்ட், 52 ஒருநாள் போட்டிகள்ல நடுவரா நின்னு 2004-ல ஓய்வு பெற்றார். 2003-ல பத்மஸ்ரீ.

அவர் காலத்து அம்பயர் வேலையில ஒரு விஷயம் இருந்துச்சு. அப்போ விரலைத் தூக்கிட்டா தூக்கினதுதான். மேலே இருந்து யாரும் அடுத்த நாள் வந்து "நாங்க சும்மா சொன்னோம்"னு மாத்த முடியாம இருந்துச்சு. கேப்டனா இருந்தப்போ வெங்கட்டுக்குக் கிடைக்காத அந்த உறுதி வெள்ளைக் கோட்டு போட்ட பிறகு கிடைச்சுது. அவர் முடிவுக்கு வெஸ்ட் இண்டீஸும் ஆஸ்திரேலியாவும் கட்டுப்பட்டாங்க.

இதைக் கேட்டுட்டு இருக்கிற உங்கள்ல சில பேருக்கு இது கிரிக்கெட் கதையா மட்டும் தோணியிருக்காது. ஆபீஸ்ல உங்க டீம் லீட் திடீர்னு போயிருப்பார். "புது ஆள் வர்ற வரைக்கும் நீ பார்த்துக்கோ"னு சொல்லியிருப்பாங்க. பொறுப்பு முழுசா உங்களோடது, அதிகாரம் பாதி. அப்படி ஒரு நாற்காலி வந்தா உட்காருறதுக்கு முன்னாடி மூணு கேள்வியைக் கேட்டுடுங்க. இந்த டீம்ல என் இடம் உறுதியா? எனக்கு எத்தனை நாள்? நான் எடுக்கிற முடிவுக்கு மேலே இருக்கிறவங்க எல்லார் முன்னாடியும் துணை நிப்பாங்களா?

மூணுக்கும் "இல்லை"னு பதில் வந்தாலும் சில பேர் அந்தப் பொறுப்பை ஏத்துக்குவாங்க. ஏன்னா யாராவது ஒருத்தர் டாஸ் போடப் போய்த்தான் ஆகணும். 1979-ல வெங்கட் போனார். ஓவல்ல ஒன்பது ரன் வரைக்கும் கொண்டு வந்தார்.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம் மக்களே. உங்க ஊர் டீம் கேப்டன் கதை ஏதாவது இருந்தா குரல் பதிவா அனுப்புங்க, நல்லா இருக்கிறதை நிகழ்ச்சியில சேர்த்துக்கிறேன்.